கணக்கு கமலனும் வட்டவளை அண்ணனும்

வெள்ளவத்தை,
09.02.2025

அன்பின் அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது, நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி? இன்னும் மேல் மலைக்குத்தான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாரா?

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்துக் காம்பராச் சுவர்கள் கூரை வரைக்கும் எட்டுவதில்லையே. போன கிழமை எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதையை அம்மா மெதுவாக எடுத்ததும், "பூண்டுலோயாப் பக்கம் வேணாம் பேச்சியம்மா, அங்க ஆளுக சரியில்ல" என்று அடுத்த காம்பராவிலிருந்து சிவசாமி மாமா சொன்னதுதான் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதனால் வீட்டு விஷயமெல்லாம் இனிக் கடிதத்தில்தான். நீங்கள் படிப்பிக்கிற பள்ளிக்கூட விலாசத்துக்கே போடுகிறேன். தோட்டத்து ஆபீசுக்குப் போட்டால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லோர் முன்னாலும் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

இங்கே ஒரு சந்தோஷம். இத்தனை நாள் டீவி நிலையத்தில் மற்றவர்கள் எழுதிய வசனத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். புது நாடகத்தில் ஒரு பாத்திரத்தை முழுசாக என்னிடம் தந்திருக்கிறார்கள். ஒரு படிப்பாளி, சிரிப்புக்காக வருகிறவன். பெயர் கணக்கு கமலன். "கண்ணாடி, எண்ணெய்த் தலை, கழுத்துவரை பட்டன். பொண்ணுகளைக் கண்டா கீழ விழணும், அவ்வளவுதான்" என்றார் தயாரிப்பாளர்.

நாம் பார்த்த நாடகங்களில் படிப்பாளிகள் எப்படி வந்தார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எழுதுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் எதைச் சொல்லத் தொடங்கினாலும் "அப்படின்னு வச்சுக்குவோம்" என்பீர்களே, அதைக் கமலனுக்குக் கொடுக்கலாமா?

அம்மாவை மருந்து பூசச் சொல்லுங்கள்.

தங்கை,
பிரியந்தி

*

வட்டவளை,
23.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அம்மாவும் அப்படியேதான், மலைக்குப் போகிறார். நான் சுகம்.

நீ கேட்டதை யோசித்தேன். நாம் சிறுவர்களாக இருந்தபோது லயத்தில் டீவி இருந்தது சிவசாமி மாமா வீட்டில் மட்டும். கார் பேட்டரியில் ஓடும். சார்ஜ் குறையக் குறையப் படம் நாலு பக்கமும் சுருங்கி வரும். அந்தப் படத்தில் வந்த படிப்பாளி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவான். நாலு பேர் காலை நீட்டுவார்கள், சேற்றில் விழுவான். கண்ணாடியைத் தேடித் தரையைத் தடவுவான். எல்லோரும் சிரிப்போம். எனக்கு அப்போதே கண்ணாடி இருந்தது, நானும்தான் சிரித்தேன். பரீட்சை முடிவு வந்ததா, அவன் பாஸா என்று எந்த நாடகமும் சொன்னதில்லை.

நான் உயர்தரம் படித்த காலத்தில் ஆள் கொஞ்சம் மாறினான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையாவது வேகமாகத் தட்டி, கதாநாயகனுக்குத் துப்புக் கொடுப்பான். மரியாதை வந்துவிட்டது. ஆனால் அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, காதல் இல்லை, பாட்டு இல்லை. பாதிக் கதையில் கொன்றுவிடுவார்கள்.

இப்போது போனில் பிள்ளைகள் பார்க்கும் தொடர்களில் அவனே கதாநாயகன். கண்ணாடி அழகுக்குப் போடுகிறான். பெரிய கம்பெனிக்காரன், பெண்கள் அவன் பின்னால் வருகிறார்கள். படிப்பதை மட்டும் காட்டுவதில்லை. படிப்பு அவனுக்குக் காய்ச்சல் மாதிரி தானாக வந்துவிடுகிறது போலிருக்கிறது.

உன் தயாரிப்பாளர் இன்னும் பேட்டரி டீவியிலேயே நிற்கிறார். அது உன் பாடு. "வச்சுக்குவோம்" என்பதைத் தாராளமாக எடுத்துக்கொள். அது என் சொத்தா என்ன?

பழனியாண்டி மாமா எனக்கு ஒரு இடம் பார்த்திருக்கிறார், நோட்டன் பிரிட்ஜில். பார்ப்போம். குளிரில்லாத ஊர்தானே என்று மழையில் நனையாதே.

அண்ணன்,
பிரதாப்

*

வெள்ளவத்தை,
23.03.2025

அன்பின் அண்ணாவுக்கு,

அங்கே வெயில் என்று கேள்விப்பட்டேன், எல்லோரும் நலமா? இங்கே நான் நிற்க நேரமில்லாமல் ஓடுகிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை.

நாடகம் பார்த்தீர்களா? கமலன் பிடித்துவிட்டான்! கதாநாயகனை விட அவனுக்குத்தான் ஆட்கள். "வச்சுக்குவோம்" என்ற துண்டை மட்டும் வெட்டிப் போனில் அனுப்புகிறார்கள். வெள்ளவத்தையில் மரக்கறிக்காரர்கூட, "கத்தரிக்கா புதுசுன்னு வச்சுக்குவோம்" என்கிறார். வசனம் யார் எழுதியது என்று நிலையத்தில் கேட்கிறார்கள். முதல் தடவையாக என் பெயர் கடைசியில் தனியாகப் போகிறது.

நடிக்கிற தம்பிக்குக் கண் நன்றாகத் தெரியும். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது என்று வில்லைகளைக் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தைத்தான் போட்டிருக்கிறோம். நீங்கள் சேட்டு நுனியால் துடைப்பீர்களே, அதைச் செய்யச் சொன்னேன். இல்லாத கண்ணாடியைத் துடைக்கிறான், யாருக்கும் தெரியவில்லை.

நோட்டன் பிரிட்ஜ் விஷயம் என்ன ஆனது? பெண் யார், என்ன செய்கிறார்? ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிட்டீர்கள்.

பிரியந்தி

*

வட்டவளை,
06.04.2025

தங்கச்சிக்கு,

சுகம். அம்மாவும் சுகம். நாடகத்தை லயமே பார்க்கிறது. பார்க்காவிட்டாலும் சுவருக்கு மேலால் கேட்கும்.

செய்தி சொல்கிறேன். ஹட்டன் பஸ்ஸில் கொண்டக்டர் என்னைக் கண்டதும், "சேர் ஏறிட்டாருன்னு வச்சுக்குவோம், போ ரைட்" என்று மணி அடித்தார். பழனியாண்டி மாமா ஊரெல்லாம் கமலன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். தரம் பத்தில் "மாம்பழத்தின் விலையை x என்று" என ஆரம்பித்தேன். மிச்சத்தை வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லிவிட்டுச் சிரித்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அழித்த இடத்தையே மறுபடி அழித்தேன். பிறகு மணி அடித்தது.

பெண்ணின் பெயர் ஜீவராணி. ஹட்டனில் மஃறூப் முதலாளியின் புடவைக் கடையில் வேலை செய்கிறாராம். அப்பா கந்தப்பன். சித்திரை வருஷப் பிறப்பு முடிந்ததும் பார்க்கப் போகிறோம்.

அம்மாவுக்கு ஒரு பயம். "கண்ணாடியோட போனா அவுங்களுக்கு அந்த நாடகக்காரன் ஞாபகந்தான் வரும். களட்டி வச்சிட்டு வாய்யா" என்கிறார். எனக்கு மைனஸ் எட்டு என்பது அம்மாவுக்கு ஒரு நம்பர்தான்.

நீ வெட்கப்படவோ வருத்தப்படவோ வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை.

பிரதாப்

*

வெள்ளவத்தை,
27.04.2025

அன்பின் அண்ணாவுக்கு,

வருஷத்துக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள். எல்லோரும் சுகந்தானே?

"எனக்கு ஒன்றுமில்லை" என்று நீங்கள் எழுதினால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் நடந்ததைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. ஆனால் நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யாரும் படிப்பாளியைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவன்தான் ஜெயிக்கிறவன் என்று தயாரிப்பாளரிடம் உங்கள் கடிதத்தில் இருந்ததையே சொல்லிச் சண்டை போட்டேன். ஒத்துக்கொண்டார். இனிக் கமலன் விழமாட்டான். போனில் ஏதோ ஒரு செயலி கண்டுபிடிக்கிறான், வெளிநாட்டுக் கம்பெனி கூப்பிடுகிறது, கோட்டுப் போட்டுக் காரில் வந்து இறங்குகிறான். கண்ணாடியையும் எடுத்துவிட்டோம்.

இனி உங்களை யாரும் கேலி செய்யமாட்டார்கள் அண்ணா.

பெண் பார்த்தது என்னாயிற்று? உடனே எழுதுங்கள்.

பிரியந்தி

*

வட்டவளை,
25.05.2025

தங்கச்சிக்கு,

பதில் தாமதம். இங்கே மழை தொடங்கிவிட்டது. அம்மாவுக்குத் தடிமன், மூக்கடைப்பு, பரவாயில்லை.

நோட்டன் பிரிட்ஜ் போய் வந்தோம். நல்ல மனிதர்கள். பெண் வரும்போது நான் நிமிர்ந்து பார்ப்பதற்காக அம்மா என் கையைக் கிள்ளுவதாக ஏற்பாடு. கிள்ளினார், பார்த்தேன். பச்சைச் சேலை. தேத்தண்ணிக் கோப்பை கைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பையன், "மாப்பிள்ளை தேத்தண்ணி குடிச்சிட்டாருன்னு வச்சுக்குவோம்" என்றான். வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். கோப்பை கொடுத்தவர் நின்ற பக்கத்திலிருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் வரவில்லை. திரும்பும் வழியிலேயே அம்மாவிடம் சம்மதம் சொன்னேன். அவர்களும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். ஆவணியில் கல்யாணம்.

வகுப்பில் நான் இப்போது "x என்க" என்று சொல்கிறேன், புத்தகத்தில் உள்ளபடி. கேலி நின்றுவிட்டது. ஆனால் வச்சுக்குவோம் என்றால் பிள்ளைகள், "ஏன் சேர், வேற மாதிரி வச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்பார்கள். "என்க" என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை, எழுதிக்கொள்கிறார்கள்.

உன் புதுக் கமலனையும் பார்க்கிறோம். போன கிழமை ஒரு பிள்ளை கையை உயர்த்தி, கேலியே இல்லாமல், உண்மையாகவே கேட்டது. "சேர், கமலன் வெளிநாடு போயிட்டாரு. நீங்க அவர விடக் கெட்டிக்காரர்தானே. ஏன் சேர் இன்னும் இங்கேயே இருக்கீங்க?" பெண்ணின் அப்பா கந்தப்பனும் பழனியாண்டி மாமாவிடம் அதையேதான் கேட்டாராம், கம்பெனி ஏதும் கூப்பிடவில்லையா என்று.

கமலன் விழுந்தபோது எனக்கு வலித்ததை விட இது அதிகமாக வலித்தது. படிப்பித்துக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை, அதற்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்று பிள்ளைக்குச் சொன்னேன். அது என்னைப் பாவம் பார்த்தது.

பிரதாப்

*

ஹட்டன்,
22.06.2025

மதிப்புக்குரிய பிரியந்தி அக்கா அவர்களுக்கு,

உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். நான் ஜீவராணி. உங்கள் அண்ணாவுக்குப் பேசி வைத்திருக்கிற பெண். நாடகத்தின் கடைசியில் உங்கள் பெயர் போவதைப் பார்த்து நிலையத்து விலாசத்துக்கு எழுதுகிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

போன சனிக்கிழமை உங்கள் அண்ணா எங்கள் கடைக்கு வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். எனக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கூட வேலை செய்யும் நஸ்லியாவை ஒதுங்கச் சொல்லிவிட்டு நானே போய் நின்றேன். அவர் என்னை நேருக்கு நேர் பார்த்து, "முழுக்கைச் சேட்டு காட்டுங்க தங்கச்சி" என்றார். எடுத்துப் போட்டேன். வெள்ளை நல்லதா நீலம் நல்லதா என்று என்னிடமே கேட்டார். "கல்யாண வீட்டுக்குப் போடவா?" என்று கேட்டேன், அப்போதாவது சிரிப்பார் என்று. "ஆமாங்க, எனக்குத்தான் கல்யாணம்" என்று சொல்லி, பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தங்கச்சி என்று கூப்பிட்டதுதான் அக்கா என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டில் மாம்பழ மஞ்சள் சேலை கட்டி, வாசல் பச்சைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நிறைய நேரம் நின்றேன். அவர் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பந்தல்காரருக்குச் சொல்லிவிட்டார். என்னைப் பிடிக்கவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். கமலன் மாதிரி அவருக்கும் வெளிநாட்டிலிருந்து வேறு இடம் வந்திருக்கிறதா? வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு கிழமை பார்த்துவிட்டு நானே அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
க. ஜீவராணி

*

வெள்ளவத்தை,
30.06.2025

அன்பின் ஜீவராணிக்கு,

கடிதம் இன்றுதான் என் கைக்கு வந்தது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அப்பாவிடம் தயவுசெய்து எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணாவுக்கு வேறு இடம் எதுவும் இல்லை. கண்ணாடி இல்லாவிட்டால் கை நீட்டும் தூரத்தில் நிற்பவரின் முகம்கூட அவருக்குத் தெரியாது. என் நாடகத்தால் உங்கள் வீட்டில் சிரித்துவிடுவார்கள் என்று அம்மா கண்ணாடியைக் கழற்ற வைத்துக் கூட்டி வந்தார். அவர் உங்களைப் பார்க்கவே இல்லை. கடையில்தான் முதன்முதலாகப் பார்த்தார், நீங்கள்தான் என்று தெரியாமல்.

இதற்கு மேல் அவர் சார்பில் நான் வசனம் எழுதக்கூடாது. அவரே வந்து பேசட்டும்.

அன்புடன்,
பிரியந்தி

*

வெள்ளவத்தை,
30.06.2025

அண்ணாவுக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கப் போவதில்லை.

ஹட்டனில் உங்களுக்குக் கல்யாணச் சேட்டு எடுத்துக் கொடுத்த "தங்கச்சி" யார் தெரியுமா? அவர்தான் ஜீவராணி. நீங்கள் எழுதிய பச்சைச் சேலை அந்த வீட்டு வாசல் திரைச்சீலை. அவர் கட்டியிருந்தது மஞ்சள். பிடிக்கவில்லை போலிருக்கிறது, கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று எனக்கு எழுதியிருக்கிறார். அதிக நாள் பொறுக்கமாட்டார்.

போன் பண்ணியிருப்பேன். சிவசாமி மாமாவுக்குத் தெரிந்தால் நோட்டன் பிரிட்ஜுக்கு உங்களுக்கு முந்திச் செய்தி போய்விடும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கள்.

பிரியந்தி

*

வட்டவளை,
03.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ காத்திருந்திருப்பாய். நடந்ததை எழுதத் தெரியாமல் இருந்தேன், அதுதான் காரணம். உன் இருமல் திரும்ப வந்ததாக அம்மா சொன்னார். கொத்தமல்லி அவித்துக் குடி.

உன் கடிதம் கிடைத்த அன்றே பள்ளிக்கூடம் விட்டு ஹட்டனுக்குப் போனேன். கடையில் கூட்டம். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நன்றாகப் பார்த்தேன். மறுபடி மறக்காதபடி பார்த்தேன்.

"சேட்டு அளவு சரியில்லீங்களா?" என்று கேட்டார். தலை நிமிரவில்லை.

சேட்டு சரி, பெண் பார்த்ததுதான் சரியில்லை என்றேன். உடனே அது தப்பான பேச்சு என்று புரிந்து, கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். அக்கா எழுதியிருக்கிறார், எல்லாம் தெரியும் என்றார். முகம் பார்க்காமல் ஏன் சம்மதம் சொன்னீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மட்டும் சிரிக்கல. அதுக்காகத்தான்."

அவர் துணியைக் கீழே வைத்தார். "நானும் சிரிச்சேங்க. அப்பா முன்னால சத்தம் போடக்கூடாதுன்னு முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டுச் சிரிச்சேன். ஒங்களுக்குத் தெரியல."

நான் கட்டிய காரணம் அத்தனையும் போய்விட்டது. ஆனால் எனக்கு வருத்தமாக இல்லை, சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார், இந்தத் தடவை சத்தமாக. அந்தச் சிரிப்பில், இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "சரி, நீங்க இப்பவும் சம்மதிக்கிறீங்கன்னு வச்சுக்குவோம்..." கடையில் எல்லோரும் திரும்பினார்கள். "யா அல்லாஹ், கமலன் வந்திருக்காரு!" என்றார் மஃறூப் முதலாளி.

ஜீவராணி அவர்களைப் பார்க்கவில்லை. "வச்சுக்க வேணாம். சம்மதந்தான்" என்றார்.

அடுத்த நாள் தரம் பத்தில், விலையை x என்று வைத்துக்கொள்வோம் என்றேன். சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். "வேற மாதிரி வச்சுக்கிட்டா என்ன சேர்?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். இத்தனை நாள் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. என் பேச்சு, நான் கண்ணாடி துடைக்கிற விதம், எல்லாம் கமலனிடம் இருக்கட்டும். ஜீவராணி சொன்னதை மட்டும் நாடகத்தில் போடாதே. அது எனக்கு.

அண்ணன்,
பிரதாப்

*

வெள்ளவத்தை,
24.08.2025

அன்பின் அண்ணாவுக்கு,

கொத்தமல்லி குடித்தேன், இருமல் குறைந்துவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முந்தியே வந்துவிடுவேன். அண்ணிக்கு என் அன்பு. மணவறையில் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அம்மா சொன்னாலும்.

நாடகம் இந்த மாதத்தோடு முடிகிறது. கமலனுக்கும் கல்யாணம் செய்து வைக்கிறோம். நேற்றுக் கடைசிக் காட்சி எழுத உட்கார்ந்தோம். அவன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து, கடையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற இடம். கடை என்பது என் யோசனை இல்லை, சத்தியமாக அவர்களாகவே வைத்தார்கள்.

"வச்சுக்குவோம்னு அவன் கேப்பான். சரி, அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லும் பிரியந்தி?" என்று தயாரிப்பாளர் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் கையில் பேனா இருந்தது.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த இடத்தில் ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார்கள்.

தங்கை,
பிரியந்தி